கண்ணாடிக்கடைக்காரர் போட்ட கண்

எப்பாடு பட்டாவது ஹாலை மீட்டே தீருவது என்று கண்ணாடிக்கடைக்காரர் சபதம் எடுத்தபோது, அவர் பால்கனியில் காயப்போட்ட போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். சபதம் எடுக்கிற இடமா அது என்று கேட்காதீர்கள். வேறு இடம் இருந்திருந்தால் சபதமே தேவைப்பட்டிருக்காது.

ஹாலில் அவர் மனைவி பாடம் நடத்திக்கொண்டிருந்தாள்.

வாரம் முழுக்கக் கடையில் நின்றபடியே வேலை பார்க்கிற மனிதர் அவர். வருகிறவர்கள் மூக்கில் ஃபிரேமை மாட்டி, கழற்றி, வேறொன்றை மாட்டி, காது வலிக்கிறது என்றால் காதோரக் கம்பியை வளைத்து, "இதுல வயசானவளாத் தெரியறேனா" என்று கேட்டால் கூசாமல் இல்லை என்று சொல்லி, இரண்டு கண்ணுக்கும் நடுவே இருக்கிற தூரத்தைச் சின்ன ஸ்கேலால் அளந்து அளந்து பிழைக்கிறவர். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கடைக்குப் பூட்டு. அன்றைக்கு சோபாவின் வலது மூலையில் சாய்ந்து, டிவியில் ஏதாவது ஒரு மேட்சைப் போட்டுவிட்டு, யார் ஜெயித்தார்கள் என்று தெரிவதற்குள் வாயைத் திறந்து தூங்கிவிட வேண்டும். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டது இவ்வளவுதான்.

மனைவி ஒரு பிஸ்கட் கம்பெனியில் டப்பாவுக்குப் படம் போடுகிறவள். டப்பா மேலே கண்ணடிக்கிற முயல், குட்டிக்கரணம் போடுகிற கரடி எல்லாம் அவள் கைவண்ணம். அவளுக்கு ஒருநாள் என்ன தோன்றியதோ, "அனிமே ஓவியம், புதியவர்களுக்கு, ஞாயிறு காலை" என்று எழுதி லிஃப்டில் ஒட்டிவிட்டாள். அனிமே தெரியுமில்லையா? கண் காபித் தட்டு அளவுக்கு இருக்கும். மூக்கு இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமாக இருக்கும். காற்றே அடிக்காத அறையில் தலைமுடி மட்டும் பறக்கும். இதைக் கற்றுக்கொள்ளவும் ஆள் வருமா என்று கடைக்காரர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

வந்தது. மேல்வீட்டு ரிட்டையர்டு பேங்க் மேனேஜர் வந்தார். எதிர்வீட்டுப் பல் டாக்டரம்மா வந்தார். காலேஜ் பெண்கள் கும்பலாக வந்தார்கள். டிவி சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க, அதன் முதுகில் வெள்ளைப் பலகை சாய்ந்துகொண்டது. சோபாவின் வலது மூலையில், கடைக்காரர் வருஷக்கணக்காக உட்கார்ந்து குழியாக்கி வைத்திருந்த அதே இடத்தில், மேனேஜர் பாந்தமாகப் பொருந்தி உட்கார்ந்துகொண்டார்.

"ஏம்மா, இதை உங்க ஆபீஸ்லயே வெச்சுக்கக் கூடாதா?" என்று கேட்டுப் பார்த்தார் கடைக்காரர்.

"ஞாயித்துக்கிழமை ஆபீஸ் பூட்டியிருக்குமேங்க."

"என் கடையும்தான் பூட்டியிருக்கு. அதனாலதானே நான் வீட்டுல இருக்கேன்."

"இருங்களேன், யாரு வேண்டாம்னா? பால்கனியில காத்து பிச்சுக்கிட்டு வருது."

"எனக்குக் காத்து வேண்டாம். சோபா வேணும்."

"மேனேஜருக்கு முதுகு வலிங்க. வயசானவரை எழுந்திரிங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. நீங்க வேணும்னா சொல்லிப் பாருங்க."

கடைக்காரருக்கும் வாய் வரவில்லை. மனைவியிடம் நேருக்கு நேர் மோதி ஜெயித்த சரித்திரம் அவருக்குக் கிடையாது. ஆகவே போர்வைக்குப் பின்னால் உட்கார்ந்து மூளையைக் கசக்கினார். கசக்கியதில் யோசனை ஒன்று சொட்டியது. அதுவும் கடையிலிருந்து வந்த யோசனைதான். கண்ணாடிக்கடைக்காரன் பெண்டாட்டி மூக்கிலேயே கண்ணாடி கோணலாக இருந்தால் அந்தக் கடையில் எவன் படியேறுவான்? அப்படியானால் படம் சொல்லித்தருகிற டீச்சரின் சொந்தப் புருஷனுக்கே ஒரு மூஞ்சி ஒழுங்காகப் போட வரவில்லை என்றால்? அந்த வகுப்பு என்ன ஆகும்? ரெண்டே வாரத்தில் ஊத்தி மூடிவிடும். டிவி முகம் திருப்பும். மேனேஜர் மாடியேறிப் போய்விடுவார். கடைக்காரருக்குத் தன் புத்தியை நினைத்தே புல்லரித்தது.

அன்றைக்குச் சாப்பிடும்போது பேச்சோடு பேச்சாகப் போட்டார்.

"நானும் கத்துக்கலாம்னு பாக்கிறேன்."

"என்னத்தை?"

"அதான், அனிமே."

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீங்களா?"

"ஏன், எனக்குக் கையில்லையா?"

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். கடைக்காரர் சட்டென்று முகத்தை அப்பாவியாக்கிக்கொண்டார். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிற அப்பாவி முகம் அது. அதைப் பார்த்து இதுவரை யாரும் ஏமாந்ததில்லை என்பது அவருக்குத் தெரியாது.

"வாங்களேன்" என்றாள் மனைவி. "பென்சில் நான் தர்றேன்."

அடுத்த ஞாயிறு சபை கூடியது. கடைக்காரருக்கு ஒரு முக்காலி கிடைத்தது. பள்ளிக்கூடம் போகிற அவருடைய பாப்பா பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். அம்மா கை அப்படியே மகளுக்கு வந்திருந்தது. பாப்பா பேசிக்கொண்டே ஒரு முகம் போட்டுவிடுவாள்.

"முதல்ல ஒரு வட்டம் போடுங்க. அதுதான் மண்டை" என்று ஆரம்பித்தாள் டீச்சர். "நேரா ஒரு கோடு, குறுக்க ஒரு கோடு, லேசா. வட்டத்துக்குக் கீழ தாடை. குறுக்குக் கோட்டு மேலதான் ரெண்டு கண்ணும் உக்காரணும். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல மூணாவதா ஒரு கண்ணு வைக்கிற அளவுக்கு இடம் விடணும். மூக்கு ஒரு புள்ளி போதும். யாரும் பயப்படாதீங்க, அழிக்க ரப்பர் இருக்கு."

பல் டாக்டரம்மா வரைந்த பெண் வாயைத் திறந்திருந்தாள். உள்ளே கடைவாய்ப் பல் வரைக்கும் ஒன்று விடாமல் இருந்தது.

"டாக்டர், பல்லு தனித்தனியா வேண்டாம். ஒரு வெள்ளைக் கோடு போதும்."

"சொத்தை மட்டும் காட்டிக்கிட்டா பரவாயில்லையா?"

"அவளுக்குச் சொத்தையே இல்லைன்னு வெச்சுக்குங்களேன்."

கடைக்காரர் நிதானமாக வேலையில் இறங்கினார். ஒரு கண்ணை நெற்றிக்கு அனுப்பினார். இன்னொரு கண்ணைக் காதுப்பக்கம் இழுத்தார். வாய் தாடையைத் தாண்டி வெளியே விழுந்தது. மூக்குக்கு ஒரு புள்ளி போதும் என்றதால் நான்கு புள்ளி வைத்தார். முடித்ததும் காகிதத்தை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தார்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். முதலில் யார் எழுந்து வெளியே போவார்கள் என்று கடைக்காரர் ஓரக்கண்ணால் பார்த்தார்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் பரவியது. "அப்பாடா" என்றார். "இவ்வளவு நாளும் இந்த ரூம்லயே நான்தான் கடைசின்னு நெனச்சு மனசு விட்டுப்போயிருந்தேன் சார். ரொம்ப நன்றி."

இத்தனை வாரமும் காகிதத்தைக் கையால் மூடி மூடி வரைந்த ஒரு காலேஜ் பெண், கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒருவர் சிரித்தார். இன்னொருவர் தன் படத்தைப் பக்கத்திலிருப்பவருக்கு முதல் தடவையாகக் காட்டினார். ஹாலே கலகலப்பாகிவிட்டது.

டீச்சர் வந்து படத்தை வாங்கிப் பார்த்தாள். முகத்தில் ஒரு சுருக்கம் கூட இல்லை. "பரவாயில்லையே, முதல் நாள்தானே" என்று சொல்லி அதை அலமாரியில் வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் மனம் தளரவில்லை. மருந்தின் அளவு போதவில்லை என்று நினைத்தார். அடுத்தடுத்த வாரங்களில் மூன்று கண் போட்டார். ஒரே கையில் வாழைச்சீப்பு மாதிரி விரல்களை அடுக்கினார். கழுத்தை மறந்தார். அவர் மோசமாக மோசமாக வகுப்பு பெருகிக்கொண்டே போனது. புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் மனைவி கையைப் பிடித்து அழைத்துவந்து அவருக்குப் பக்கத்திலேயே உட்காரவைத்தாள். உட்காரும்போது கைநடுங்குகிறவர்கள், அவர் காகிதத்தை ஒரு பார்வை பார்த்ததும் சுதாரித்துக்கொண்டு பென்சிலைச் சீவ ஆரம்பித்தார்கள். நாற்காலி போதாமல் செருப்பு ஸ்டாண்டில் கூட ஒருவர் உட்கார்ந்தார்.

ஹால் போனால் போகட்டும் என்று விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. மானம் போக ஆரம்பித்ததுதான் தாங்கவில்லை.

ஒருநாள் கடைக்கு ஒரு அம்மாள் வந்தார். பழைய வாடிக்கை. கண்ணுக்கு நடுவே ஸ்கேலை வைத்துக் கடைக்காரர் அளந்ததும், "இன்னொரு தடவை அளந்துடுங்களேன்" என்றார்.

"சரியாத்தான்மா அளந்திருக்கேன்."

"தப்பா எடுத்துக்காதீங்க. மேனேஜர் சார் போன்ல உங்க படத்தைக் காட்டினார். அதுல ஒரு கண்ணு…" அந்த அம்மாள் தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"அது வந்து, படம்மா. சும்மா."

"இல்லைங்க, உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு. எதுக்கும் பஜார்ல இன்னொரு கடையிலயும் கேட்டுட்டு வந்துடறேன்."

போனவர் போனவர்தான். கடைக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஒரு நூல் தள்ளிப்போனால் லென்ஸைத் திருப்பி அனுப்புகிற ஆள். கண் என்றால் அவர், அவர் என்றால் கண் என்று பெயர் எடுத்தவர். அந்தப் பெயர் இப்போது ஒரு பென்சில் முனையில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தால் இன்னொரு அடி காத்திருந்தது. அடுப்படியில் பாப்பா அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது கதவுக்கு இந்தப்பக்கம் கேட்டது.

"ஸ்கூல்ல எல்லாரும் கேக்கிறாங்கம்மா, உங்கப்பா ஏன் அப்படிப் போடறாருன்னு."

"நீ என்ன சொன்னே?"

"அப்பாவுக்குக் கை நடுக்கம்னு சொல்லிட்டேன்."

கடைக்காரர் ஓசைப்படாமல் திரும்பிப்போய், அப்போதுதான் வருகிறவர் மாதிரி மறுபடியும் வாசல் கதவைத் திறந்து மூடினார். பெற்ற பெண் தன்னைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்லுகிற நிலைமை வந்துவிட்டதே என்று அவருக்கு உள்ளுக்குள் குறுகிப்போயிற்று. அன்று அவளை நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை. பாப்பா வழக்கம்போல வந்து மடியில் சாய்ந்தபோது கையை அசைக்காமல் விறைப்பாக வைத்துக்கொண்டார்.

போதும், விளையாட்டை நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தார். ஒரே ஒரு படம். ஒழுங்காக ஒரு முகம். அதைப் போட்டு எல்லார் வாயையும் அடைத்துவிட்டு வகுப்புக்கு ஒரு கும்பிடு போட்டுவிட வேண்டியதுதான். வேண்டுமென்றே தப்பாகப் போடுகிறவனுக்குச் சரியாகப் போடவா தெரியாது?

கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, கல்லாவுக்குப் பின்னால் காகிதத்தை விரித்தார். வட்டம் போட்டார். கோடு போட்டார். இடது கண் அருமையாக வந்தது. அவருக்கே மெய்சிலிர்த்தது. அப்புறம் வலது கண்ணைப் போட்டார். அது வேறு யாருடைய கண்ணோ போலிருந்தது. அழித்தார். மறுபடி போட்டார். இந்தத் தடவை வலது கண் நன்றாக இருந்தது, இடது கண் அசடு வழிந்தது. ஸ்கேலை எடுத்தார். கடையில் அளக்கிற மாதிரியே இமைக்கு இமை, மூலைக்கு மூலை அளந்து போட்டார். அளவு பிசகாமல் இருந்தது, பார்த்தால் வட்டிக்குக் கொடுத்தவன் முறைக்கிற மாதிரி இருந்தது. கடைசியில் ஒரு ஃபிரேமைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து, உள்பக்கமாகப் பென்சிலை ஓட்டினார். இரண்டு கண்ணும் ஒரே அச்சு. ஆனால் அந்தப் பெண் ஏதோ கெட்ட சேதி கேட்டவள் மாதிரி முழித்தாள்.

வேண்டுமென்றே போட்ட பழைய படம் ஒன்று பையில் இருந்தது. மனதைத் தேற்றிக்கொள்வதற்காக அதை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். எது வேண்டுமென்றே போட்டது, எது உயிரைக் கொடுத்துப் போட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. உற்றுப் பார்த்தால் வேண்டுமென்றே போட்டதில் கொஞ்சம் களை இருந்தது.

கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாள் நடித்துக்கொண்டிருக்கிறோம் என்று நினைத்தது நடிப்பே இல்லை. அதுதான் அவருடைய முழுத் திறமை. தனக்குத் தெரிந்துபோன இந்த விஷயம் ஊருக்குத் தெரியக்கூடாதே என்பதுதான் இப்போது அவருடைய ஒரே பிரார்த்தனை.

ஆகவே குறுக்குவழி தேடினார். அடுத்த ஞாயிறு அவர் போட்ட பையனின் முடி ஒரு கண்ணை முழுக்க மறைத்துத் தொங்கியது. கை இரண்டும் பாக்கெட்டுக்குள் இருந்தன. மிச்சமிருந்த ஒரு கண் சுமாராக வந்திருந்தது. அதற்கடுத்த ஞாயிறு அந்த ஒரு கண்ணையும் ஒழித்துவிட்டார். பையனுக்கு ஒரு பெரிய மூக்குக்கண்ணாடி. அதில் வெளிச்சம் பட்டுப் பளபளப்பதாக இரண்டு சாய்ந்த கோடு. உள்ளே ஒன்றும் தெரியாது.

டீச்சர் படத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "கண்ணைக் காணோமே."

"கண்ணாடி மேல வெளிச்சம் அடிக்குதும்மா. அதான் தெரியல."

"அது சரி. உங்க கடையில வாங்கின கண்ணாடியா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்கவில்லை. பலகைக்குப் போய், பொதுவாக எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "அடுத்த வாரம் எல்லாரும் முழு முகம் போடறோம். கண்ணாடி கிடையாது. முடி நெத்திக்கு மேல. கை வெளியில."

அந்த அடுத்த வாரமும் வந்து தொலைத்தது. ஹாலில் பென்சில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது. கடைக்காரருடைய காகிதத்தில் முடி இருந்தது, தாடை இருந்தது, காது கூட இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தை மட்டும் போட்டுப் போட்டு அழித்ததில் காகிதம் தேய்ந்து நூலாகிவிட்டது. வேறு காகிதம் எடுத்தார். அதுவும் அப்படியே ஆயிற்று. மூன்றாவது காகிதத்தில் கண்ணை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் முடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கழுத்தில் வியர்த்தது.

"எல்லாருக்கும் டீ கொண்டு வர்றேன்" என்று மனைவி அடுப்படிக்குப் போனாள். "நானும் வர்றேம்மா" என்று பாப்பா பின்னாலேயே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பிஸ்கட் தட்டோடு திரும்பி வந்து, தட்டை மேனேஜர் பக்கம் தள்ளிவிட்டு, அப்பாவின் முக்காலிக்குக் கீழே நழுவி உட்கார்ந்தாள்.

"அப்பா" என்றாள், காதோடு காதாக. "குடுங்க, நான் போட்டுத் தர்றேன்."

"வேண்டாம் பாப்பா. தப்பு."

"அம்மா டீ வடிகட்டிட்டு இருக்காங்க. யாரும் பாக்கல."

வேண்டாம் என்று இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருக்கலாம். ஒரு தகப்பன் சொல்லியிருக்க வேண்டும். கடைக்காரர் சுற்றுமுற்றும் பார்த்தார். மேனேஜர் பிஸ்கட்டில் மும்முரமாக இருந்தார். டாக்டரம்மா ஒரு கடைவாய்ப் பல்லை மனசில்லாமல் அழித்துக்கொண்டிருந்தார். கடைக்காரரின் கை தானாகக் காகிதத்தைக் கீழே நகர்த்தியது. பாப்பா தலையைச் சாய்த்துக்கொண்டு சர்சர்ரென்று நாலு இழுப்பு இழுத்தாள். மேல் இமையை அழுத்தினாள், கருவிழியை நிரப்பினாள், ஒவ்வொன்றிலும் இரண்டு வெள்ளைப் புள்ளி விட்டாள். காகிதம் மேலே வந்தது. அதில் ஒரு பையன் உயிரோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

டீத் தட்டோடு வந்த டீச்சர் நின்றாள். தட்டை வைத்துவிட்டுக் காகிதத்தை எடுத்தாள்.

"யாரு போட்டது?"

கடைக்காரர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "நான்தான்" என்றார். அந்தக் குரல் அவர் காதுக்கே சரியாகக் கேட்கவில்லை.

மேனேஜர்தான் முதலில் கைதட்டினார். "சார், அந்தக் கண்ணு என்னையே பாக்குது சார்" என்றார். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். செருப்பு ஸ்டாண்டில் இருந்தவர் எழுந்து நின்றே தட்டினார். எல்லாரையும் விட ஓங்கித் தட்டியது பாப்பாதான். கடைக்காரர் காது மடல் எரிந்தது. பூமி பிளந்தால் முக்காலியோடு உள்ளே போய்விடலாம் என்று தோன்றியது, கீழ்வீட்டுக்காரர் என்ன நினைப்பாரோ என்றுதான் யோசனை.

விஷயம் அதோடு முடிந்திருந்தால் வயிற்றுக்குள்ளேயே வைத்துப் பொத்தியிருப்பார். மறுநாள் கடைக்குக் கிளம்பி லிஃப்டில் ஏறினார். உள்ளே ஒரு புதுக் காகிதம் ஒட்டியிருந்தது. இடது பக்கம் அவருடைய முதல் நாள் படம், நெற்றியில் ஒரு கண்ணும் காதில் ஒரு கண்ணுமாக. வலது பக்கம் நேற்றைய படம். கீழே மனைவியின் அழகான கையெழுத்து: "நம் கண்ணாடிக்கடைக்காரர். சேர்ந்த அன்று, இன்று. இவருக்கே வந்துவிட்டது. உங்களுக்கு வராதா? புதிய வகுப்பு, சனிக்கிழமை மாலை."

சனிக்கிழமை கடை அரைநாள்தான். ஞாயிறு போனதிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம்தான் அவருக்குச் சோபா. இப்போது அதற்கும் வந்தது வேட்டு. அதுவும் வேட்டுக்கு மருந்து கொடுத்தது அவர் பேரில் இருந்த இரண்டு படம். ஒன்று சொந்தம், இன்னொன்று கடன்.

லிஃப்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். "அசத்திட்டீங்க" என்றார்கள். கடையை விட்டு ஓடிப்போன வாடிக்கை அம்மாள், மேனேஜர் போனில் புதுப் படத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, "உங்க கையிலயே அளங்க" என்று கண்ணைக் காட்டினார். வியாபாரம் திரும்பியது. ஆனால் ஒவ்வொரு பாராட்டும் அவருக்கு முள்ளாகக் குத்தியது. ஸ்கேலைப் பிடித்த கை நிஜமாகவே நடுங்க ஆரம்பித்தது.

வார நடுவில் மேனேஜர் கடைக்கே வந்துவிட்டார்.

"சனிக்கிழமை புது ஆளுங்க நிறைய வர்றாங்க சார். நாங்க எல்லாரும் பேசி வெச்சிருக்கோம். ஆரம்பத்துல நீங்க பலகைக்கு முன்னாடி வந்து, எல்லாரும் பாக்க ஒரு கண்ணு போட்டுக் காட்டணும். ஒண்ணே ஒண்ணு."

"எதுக்கு சார், டீச்சர் இருக்காங்களே."

"டீச்சர் போட்டா அது அவங்க தொழிலு. நீங்க போட்டாத்தான் எங்களுக்குத் தெம்பு."

மேனேஜர் கிளம்பியதும் கடைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். தப்பிக்க இரண்டே வழி. கண் போட வேண்டும், அல்லது உண்மையைச் சொல்ல வேண்டும். கண் வராது என்பது தெரிந்த கதை. அன்று கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தவர், செருப்பைக் கழற்றாமலே அடுப்படி வாசலில் நின்றார். பாப்பா கீழே விளையாடப் போயிருந்தாள். மனைவி பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க."

"முதல்ல போட்ட படமெல்லாம் நான் வேணும்னே கெடுத்தது. வகுப்பு நின்னுபோனா ஹால் கிடைக்கும்னு."

"தெரியும்."

"தெரியுமா?"

"கடையில ஒரு நூல் பிசகினாப் பொறுக்காத ஆளு, கண்ணைக் கொண்டுபோய்க் காதுல வெச்சா எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"சொன்னா நிறுத்தியிருப்பீங்களே. புதுசா வர்றவங்களுக்கு உங்களை விட்டா எனக்கு வேற யாரு இருக்கா?"

கடைக்காரர் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். கஷ்டமானது இனிமேல்தான்.

"அது போகட்டும். கடைசிப் படம், அந்தக் கண்ணு… அது நான் போட்டது இல்லம்மா. பாப்பா போட்டுக் குடுத்தா. நான் வேண்டாம்னு ஒரு தடவைதான் சொன்னேன். அப்புறம் குடுத்துட்டேன். எல்லாரும் கைதட்டினப்ப மரம் மாதிரி உக்காந்திருந்தேன். அவளும் தட்டினா. அதை நெனச்சா எனக்கு அசிங்கமா இருக்கு. அவ மூஞ்சியைப் பாத்துச் சாப்பிட முடியல."

குழாயை மூடிவிட்டு மனைவி கையைத் துடைத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் இறங்கியது.

"சரி விடுங்க. லிஃப்டுல ஒட்டினதைக் கிழிச்சுடறேன்."

"கிழிச்சுடு. இப்பவே."

"கிழிச்சா ஏன் கிழிச்சேன்னு கேப்பாங்க. சனிக்கிழமை நீங்களே பலகைக்கு முன்னாடி நின்னு, நடந்ததை ஒரு வார்த்தை சொல்லிடுங்க."

கடைக்காரர் கண்ணை மூடிப் பார்த்தார். மேனேஜர் தெரிந்தார். டாக்டரம்மா தெரிந்தார். வாடிக்கை அம்மாள் பஜார் பக்கம் நடந்துபோவது தெரிந்தது.

"இருக்கட்டும்" என்றார். "ஒட்டினது ஒட்டினபடி இருக்கட்டும்."

"சனிக்கிழமை வகுப்பு?"

"நடத்து. தாராளமா நடத்து. பலகையில கண்ணு போடறது மட்டும் வேண்டாம்னு மேனேஜர்கிட்ட சொல்லிடு."

"அளந்து அளந்து கை அசந்துபோச்சுன்னு சொல்லிடறேன்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நல்ல மனைவி, தங்கமான மனைவி என்று நினைத்துக்கொண்டார். செருப்பைக் கழற்றப் போனவர் திரும்பி வந்தார்.

"இன்னொண்ணு. உனக்கு விஷயம் தெரியும்னு பாப்பாகிட்ட மட்டும் காட்டிக்காதே. பாவம், சின்னக் குழந்தை. அப்பா மானம் போயிடக் கூடாதுன்னு உன்கிட்டயே மறைச்சிருக்கா."

"அவ எங்கங்க மறைச்சா?" என்றாள் மனைவி, அடுத்த பாத்திரத்தை எடுத்தபடி. "'போய் அப்பாவுக்கு ரெண்டு கண்ணும் போட்டுக் குடுத்துட்டு வா, நான் டீ வடிகட்டறேன்'னு அனுப்பினதே நான்தானே."

கடைக்காரர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, சனிக்கிழமைக்கு எத்தனை நாற்காலி வேண்டும் என்று கேட்டார்.